பதினோரு நாள் ஓட வேண்டிய மிஷின்

பிப்ரவரி 6, வியாழன்

மாலைச் சுற்றில் கணினி மையத்தில் இருபத்து மூன்று மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். மீதிப் பத்தொன்பதும் யாருக்காக ஓடுகின்றன என்று கேட்டேன். ஒரு மாணவி மட்டும் வாயைத் திறந்தாள்.

"ஸ்கிரீன் சேவர் ஓடுது சார். அது கரண்டை மிச்சம் பண்ணும்ல?"

பண்ணாது. திரையில் மீன் நீந்தினாலும் நட்சத்திரம் பறந்தாலும் உள்ளே மிஷின் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது. வாட் மீட்டரைச் சொருகிக் காட்டினேன். தொண்ணூற்றாறு. தூக்கத்தில் போட்டேன், மூன்று. சுவர் சுவிட்சை அணைத்தேன், பூஜ்யம்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்" என்றாள், கைபேசியைப் பார்த்தபடி.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளர். மின்சாரத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழுதான கருவிகளைப் பிரித்துப் பிரித்து நானே படித்தேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் கணினி மையத்தின் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. சம்பளம் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் போய், வீணாக ஓடுவதை அணைத்துவிட்டு வருகிறேன். எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

விளையாட்டு விழா. கல்லூரி மதியத்தோடு முடிந்தது. விழா நாளில் நான் சுற்றுக்குப் போவதில்லை. ஆனால் கல்லூரிச் சுவர் ஓரமாக நடந்துபோனபோது மையத்தின் ஜன்னல் வழியாக உள்ளே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. மனம் கேட்கவில்லை. பின்வாசல் வழியாகப் போய்த் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. விசிறி இரண்டு, டியூப் லைட் ஒன்று அணைத்தேன்.

ஐந்தாவது வரிசையில் திரைகள் எல்லாம் கறுப்பு. கடைசி மிஷினின் பெட்டி மேல் யாரோ ஒரு தாளை ஒட்டி, அது பின்பக்கக் காற்றுத் துளைகளை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒட்டினால் சூடு எங்கே போகும்? கிழித்துச் சட்டைப் பையில் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை, கண்ணாடி கொண்டுபோகவில்லை. மற்ற நாளில் திரை எரிகிற மிஷின்களை மட்டும் அணைப்பேன். இன்று ஆளே இல்லாததால் வரிசை முழுவதற்கும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு 4.50க்குப் பூட்டினேன்.

பிப்ரவரி 8, சனி

வீட்டில் இரண்டு நாளைக்கு ஐந்தே கால் யூனிட். இந்தத் தெருவில் இதைவிடக் குறைவாக எந்த வீடும் ஓடவில்லை. டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு சிவப்புப் புள்ளியை எரியவிட்டதற்காக மனைவி ஞானதங்கத்திடம் சத்தம் போட்டேன். "அந்தப் புள்ளியாவது என்னைப் பாத்து முழிச்சிக்கிட்டு இருக்கட்டுமே" என்றாள். முப்பத்தொன்பது வருடமாக இவளுக்குப் பதில் மட்டும் குறைந்ததில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மையத்தின் படிக்கட்டில் ஷமீமா உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்தில் பள்ளி ஆசிரியை. நாற்பத்தொரு வயது. வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருடமாக இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். இந்த வளாகத்தில் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள். மிஷின் வேலை செய்துகொண்டிருந்தாலும் பார்க்காத நேரத்தில் மானிட்டரை அணைக்க வேண்டும், இருபது வாட் மிச்சம் என்று சொன்னேன், மறுநாளே செய்தார். மானிட்டரில் எதையும் ஒட்டக் கூடாது, பசை போகாது என்றேன், அதையும் கேட்டார்.

"என்னம்மா இங்க உக்காந்திருக்க?"

"போச்சு அண்ணாச்சி. பதினோரு நாள் ஓட வேண்டிய கணக்கு. பத்து நாள் ஓடிருச்சு. இன்னும் ஒரே நாள்தான். யாரோ அணைச்சிட்டாங்க."

ஐந்தாவது வரிசை, கடைசி மிஷின்.

"பாதியில சேமிச்சு வைக்க மாட்டியா?"

"பழைய புரோகிராம் அண்ணாச்சி. எங்க கைடு இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. நின்னா மொதல்ல இருந்துதான். இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாகணும். ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு, இனி கிடையாது. கொடுக்கலைன்னா ஆறு வருஷமும் இல்லைன்னு ஆயிரும்."

பாதியில் சேமிக்காத புரோகிராமை நம்பி ஒருவர் ஆறு வருடத்தை வைப்பாரா? இது பெரிய அஜாக்கிரதை. வீட்டுக்கு வந்த பிறகும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ அணைத்திருக்கிறார்கள்.

சட்டை துவைக்கப் போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். கணினி மையப் பொறுப்பாளர் இசக்கிராஜ் அங்கே நின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, ஒப்பந்த வேலை, இரண்டு பெண் குழந்தைகள். விழா அன்று பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனதாகவும், அப்போது அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். விசிறியை அணைத்தானா என்று கேட்டார் முதல்வர். ஞாபகமில்லை என்றான். விசிறியே ஞாபகமில்லாதவனுக்கு மிஷின் எப்படி ஞாபகம் என்றார்.

"நீங்க வெள்ளிக்கிழமை வரலைல்ல அண்ணாச்சி?" என்று என் பக்கம் திரும்பினார் முதல்வர்.

"விளையாட்டு விழா அன்னைக்கு எனக்கு இங்க என்ன வேலை?" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அது கேள்வி.

இசக்கிராஜுக்கு மெமோ. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். சரியில்லை என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

பிப்ரவரி 12, புதன்

இன்று முதல்வர் உத்தரவு: மாலை ஐந்து மணிக்கு மையத்தின் மெயின் அணைக்கப்படும். யாருடைய மிஷினும் விதிவிலக்கு இல்லை.

பதினைந்து வருடமாக இதைத்தான் கேட்டேன். எத்தனை மனு. 2009-இல் நாற்பது நாள், பழைய வீட்டு மீட்டர் ஒன்றைப் பிளக்கோடு இணைத்து ஒவ்வொரு மிஷினாக அளந்து, அறுபத்திரண்டு பக்கம் எழுதினேன். அதை அப்போதைய துறைத்தலைவர் அருமைநாயகம் ஆங்கிலத்தில் போட்டு, தன் பெயரில் அச்சடித்து, டெல்லி வரை போய்ப் பரிசு வாங்கிவந்தார். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அவர் வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

இன்றைய உத்தரவைப் படித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஷமீமா மறுபடி ஓட்ட அனுமதி கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்களாம். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா, கோயில்பிள்ளை அண்ணாச்சி இத்தனை வருஷமா கேட்டது" என்றாராம் முதல்வர். ஒருநாளும் என் பெயரை எதற்கும் சொல்லாதவர்கள், இதற்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

மிஷினை எங்காவது வெளியே வைத்து ஓட்டலாம் என்று ஷமீமாவின் துறையில் சொல்லியிருக்கிறார்கள். வெளியே கொண்டுபோகச் சீட்டும் தருவார்கள். ஷமீமா வீட்டில் முடியாது. அவர் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, போன மாதம் ஃபிரிட்ஜ் போய்விட்டது.

"எங்க வீட்ல வை" என்றேன்.

நம்பாதவர் மாதிரி பார்த்தார். "ராப்பகலா ஓடும் அண்ணாச்சி."

"தெரியும்."

"பதினோரு நாள்."

"எனக்கும் எண்ணத் தெரியும்மா."

என் வீட்டு எர்த்திங் நானே குழி தோண்டிப் போட்டது. வோல்டேஜ் முள் அசையாது. அதற்காகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மிஷின் வந்துவிட்டது. முன் அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். சின்ன யு.பி.எஸ். ஒன்றும் கூடவே வந்தது; கரண்ட் போனால் எட்டு நிமிடம் தாங்கும். 11.20க்கு ஓட்டிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி 11.20க்கு முடியும். அதிலிருந்து மூன்றே நாள். படங்கள் போட்டு, அச்சடித்து, பைண்டிங் செய்து கொடுக்க வேண்டும்.

மானிட்டரை அவரே அணைத்தார். "யாரும் தொடாம இருந்தா போதும் அண்ணாச்சி. நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை."

அவர் போன பிறகு மீட்டரைப் பார்த்தேன். 138 வாட். ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்கு மேல். என் வீடு மொத்தமும் ஒரு நாளில் இவ்வளவு தின்றதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் ஆள் வேண்டும்.

ஞானதங்கம் திரும்பி வந்ததும் டி.வி.யைப் போட்டாள். முறைத்தேன்.

"என்ன முறைக்கிறீய? பேசாம உறுமிக்கிட்டுக் கெடக்குற பெட்டி ராப்பகலா ஓடலாம், என் நாடகம் அரைமணி நேரம் ஓடக் கூடாதோ?"

"அது கணக்குப் போடுது."

"நானும் கணக்குத்தான் போடுதேன். இந்த மாமியாக்காரி எப்ப சாவான்னு."

விட்டுவிட்டேன். அவள் ஆச்சரியப்பட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்

ஓடுகிறது. 138.

பிப்ரவரி 18, செவ்வாய்

இசக்கிராஜ் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதல்வர் கேப்பாரு அண்ணாச்சி. நான் அணைக்கல. எம் புள்ளைங்க மேல சத்தியமா அணைக்கல. விசிறிய மறந்தேன், அது உண்மை. ஆனா அந்த மிஷின்ல 'அணைக்காதீர்கள்'னு அந்த அக்கா எவ்ளோ பெருசா எழுதி ஒட்டியிருந்தாங்க. அதைப் பாத்துட்டு எவனாவது அணைப்பானா?"

"பெருசாவா எழுதியிருந்தாங்க?"

"சிவப்பு மையில அண்ணாச்சி. எட்ட நின்னாலும் தெரியும். இப்ப அந்தத் தாளையே காணோம். அதையும் நான்தான் கிழிச்சேங்கிறாரு."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஞானதங்கம் அடுப்படியிலிருந்து வந்து, "போன வாரம் உங்க சட்டைப் பையில ஒரு தாளு கூழாக் கெடந்துச்சு. வெள்ளைச் சட்டை பூரா செவப்பு" என்றாள்.  என் முகத்தைப் பார்க்காமலே அடுப்படிக்குத் திரும்பினாள்.

முன் அறையில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அங்கேயும் உட்கார முடியவில்லை, பின்கட்டிலும் நிற்க முடியவில்லை. வெயிலில் தெருவைச் சுற்றிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலைப் பேப்பரில்: மாதாந்திரப் பராமரிப்புப் பணி, சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரை மின்விநியோகம் இருக்காது. எங்கள் பகுதி பெயர் மூன்றாவதாக இருக்கிறது.

எட்டு மணி நேரம். யு.பி.எஸ். எட்டு நிமிடம். தூக்கத்தில் போடவும் வழியில்லை, அந்தப் பழைய புரோகிராம் தூங்கி எழுந்தால் நின்றுவிடுமாம்.

இன்வெர்ட்டர் வாங்கவே மாட்டேன் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவன் நான். பேட்டரியில் நூறு ஏற்றினால் எழுபதுதான் திரும்ப வரும், வீண் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கேட்டுக்கொண்டு போய் வாங்கிவிட்டார்கள். ஆனால் இரண்டு மூன்று விசிறிக்கு மட்டும் தாங்குகிற சின்னப் பெட்டிகள். இதற்கு ஈடு கொடுக்கக்கூடிய பெரிய பேட்டரி இந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு.

எதிர்வீட்டில்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையிலிருந்து அவர் கேட் வரை நான்கு முறை போய்த் திரும்பினேன். ஐந்தாவது முறை அருமைநாயகமே வெளியே வந்தார். எழுபத்து நான்கு வயது. மனைவி இறந்து தனியாக இருக்கிறார்.

"என்னவே கோயில்பிள்ளை, என் கேட்டுக்கு எத்தனை வாட்டுன்னு அளக்குதீரா?"

பதினைந்து வருடத்தில் முதல் பேச்சு.  சொன்னேன்: மிஷின், ஷமீமா, இருபத்தெட்டாம் தேதி, நாளை கரண்ட் இல்லாதது.

"அந்தப் பொண்ணுக்கு நான் ஒரு வருஷம் பாடம் எடுத்திருக்கேன்வே. இதுக்கா அஞ்சு தடவை நடந்தீரு? காலையில கொண்டாரும். ஒரு நிபந்தனை."

"என்ன?"

"இன்வெர்ட்டர் வீண்னு தெரு பூராச் சொன்னீர்ல. நாளைக்கு அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு உள்ள வரணும்."

பேட்டரியைப் பார்த்தேன். நான்கு வருடப் பழசு. 138 வாட் எட்டு மணி நேரம், இன்வெர்ட்டர் இழப்போடு சேர்த்தால் புதுப் பேட்டரியே மூச்சு வாங்கும். இது ஏழு மணி நேரத்துக்கு மேல் போகாது.

பிப்ரவரி 22, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

தெருவுக்குக் குறுக்கே வயர் இழுக்க முடியாது, தண்ணீர் லாரி வரும் நாள். அதனால் மிஷினை ஓடும் நிலையிலேயே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு. 8.35க்கு யு.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து உருவினேன். அது கத்தத் தொடங்கியது. நான் மிஷினைத் தூக்கினேன், ஞானதங்கம் யு.பி.எஸ்.ஸைத் தூக்கினாள். நடுவில் ஒன்றரை முழ வயர். ஒருவர் ஓர் அடி முந்தினாலும் பிடுங்கிக்கொள்ளும்.

"மெதுவா. ஆட்டாத."

"நீங்க ஓடாதீய. கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படி ஒட்டி நடந்ததில்ல நாம."

தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டார், சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல. இரண்டு நிமிடத்தில் எதிர்வீட்டு ஹாலில் இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகினேன். கத்தல் நின்றது. கும்பிடவில்லை. அருமைநாயகமும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. அவர் எழுந்து வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைத்தார். விசிறியையும்.

"உங்களுக்கு வேர்க்குமே சார்."

"உம்ம சிஷ்யன் நானு. நீர் அளந்ததை வச்சுத்தானே டெல்லி வரைக்கும் போனேன்."

ஞானதங்கம் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் பனியனோடு உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்கு மேல் ஹால் வெந்தது. அவர் விசிறிமட்டையால் தனக்கும் வீசிக்கொண்டு, மிஷினுக்கும் வீசினார்.

"உம்ம பேரு போட்டுத்தான் அனுப்பினேன் ஓய். அச்சடிக்கும்போது வெட்டிட்டாங்க."

"நான் நம்பல."

"நம்பாதீரும். நான் வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. பரிசு கையில இருக்கும்போது அந்த வார்த்தை வாய்க்கு வரல."

மறுபடி விசிறிமட்டையை எடுத்து மிஷினுக்கு வீசினார்.  அவர் சொன்ன அந்த வாய்க்கு வராத வார்த்தையைப் பற்றித்தான் மதியம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

4.10க்கு இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். பத்து, பதினைந்து நிமிடம். ஐந்து மணிக்குக் கரண்ட் வரும் என்பதே பேப்பர் சொல்வது. லைன்மேன் சொல்வது வேறாக இருக்கும்.

ஒரு வழி இருக்கிறது. என் அறுபத்திரண்டு பக்கத்தில் முப்பதாம் பக்கம். மிஷினின் வேகத்தைப் பாதியாக இறக்கும் அமைப்பு ஒன்று உள்ளேயே உண்டு. கணக்கு நிற்காது, மெதுவாக நடக்கும். வாட் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும்; சுமை இறங்கினால் பழைய பேட்டரியும் வோல்டேஜ் ஏறி இன்னும் ஒரு மணி நேரமாவது தாங்கும். ஆனால் அதற்கு மானிட்டரைப் போட்டு, மவுஸைப் பிடித்து, அந்த மிஷினைத் தொட வேண்டும். தொட மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

ஷமீமாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கூவல் அவருக்கும் கேட்டிருக்கும்.

"செய்யுங்க அண்ணாச்சி. இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா? உங்க கை பட்டு எது கெட்டுப்போகப் போகுது?"

மவுஸ் மேல் கை இருந்தது. எடுத்துவிட்டேன்.

"அம்மா."

"சொல்லுங்க."

"அன்னைக்கு அணைச்சது நான்."

இன்வெர்ட்டர் கூவியது. அருமைநாயகம் விசிறிமட்டையைக் கீழே வைத்தார்.

"இசக்கிராஜ் இல்ல. நான். விழா அன்னைக்குப் பின்வாசல் வழியா வந்தேன். தாளைக் கிழிச்சதும் நான்தான். பன்னெண்டு நாளா சொல்லல."

எத்தனை கூவல் என்று எண்ணவில்லை. பிறகு அவர் குரல், வகுப்பில் பேசும் குரல்போல வந்தது.

"இப்ப எவ்வளவு நேரம் இருக்கு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கலாம்."

"அப்ப செய்யுங்க. அப்புறம் பேசிக்கலாம்." வைத்துவிட்டார்.

மானிட்டரைப் போட்டேன். மீட்டர் 158 காட்டியது. அம்புக்குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. அருமைநாயகம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கன்ட்ரோல் பேனல், பவர், உள்ளே, இன்னும் உள்ளே. நூறு என்றிருந்ததை ஐம்பது ஆக்கினேன். மானிட்டரை அணைத்தேன்.

79.

கூவல் நின்றது.

கரண்ட் 5.35க்கு வந்தது. மிஷினின் வேகத்தை மறுபடி நூறாக்கினேன். அருமைநாயகம் முதலில் விசிறியைப் போடவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, "கட்டஞ்சாயா குடிக்கிறீரா? வீட்ல பால் இல்ல" என்றார்.

குடித்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏழாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. தாளைப் போட்டபோது கை அதில் பட்டது. சிவப்பு எழுத்தும் தெரிந்தது. எனக்கு அங்கே யாரும் எழுதிச் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கும் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான். திரை கறுத்திருந்தால் மிஷின் ஓடவில்லை என்று நினைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். அவர் இரண்டு முறை படித்தார். "வயசாயிருச்சு, மறந்திருப்பீங்க, அப்படி எழுதிக் கொடுங்களேன்" என்றார். மறக்கவில்லை என்றேன். சாவியை மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொள்ளத் தயங்கியதைப் பார்த்துக் கொஞ்சம் ஆசை வந்தது. பிறகு எடுத்துக்கொண்டார்.

இசக்கிராஜ் வராந்தாவில் நின்றான். மெமோ ரத்து என்று அதற்குள் தெரிந்திருக்கிறது.

"பதினாலு நாளா வீட்ல சோறு எறங்கல அண்ணாச்சி. செவ்வாக்கிழமை உங்க வாசல்ல வந்து நின்னேன்ல? அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன். அவன் போய்விட்டான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சனி இரவே மிஷினை முன்போலவே எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டோம். பாதி வேகத்தில் ஓடிய ஒன்றே கால் மணி நேரத்தால் முடிவு கொஞ்சம் தள்ளிப்போனது. ஷமீமா பதினொரு மணிக்கே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஞானதங்கம் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. நான் தையல் மிஷின் பக்கத்தில் நின்றேன். உட்காரலாமா என்று தெரியவில்லை, என் வீடுதான்.

12.02க்கு முடிந்தது. மூன்று பென்டிரைவில் ஏற்றினார். ஆட்டோவில் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனார். "வாரேன் அத்தை" என்று ஞானதங்கத்திடம் சொன்னார்.

பிப்ரவரி 26, புதன்

முன் அறை சத்தமில்லாமல் இருக்கிறது. மீட்டர் முள்ளைப் பார்க்கப் போகவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஒன்றுமில்லை. போன் இரண்டு முறை அடித்தது. இரண்டும் வேறு யாரோ.

பிப்ரவரி 28, வெள்ளி

மதியம் 3.40க்கு ஷமீமா கூப்பிட்டார்.

"கொடுத்துட்டேன் அண்ணாச்சி. ரசீது வாங்கியாச்சு."

"நல்லதும்மா."

"அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னேன்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க அணைச்சதையும் நான் மறக்க மாட்டேன். சனிக்கிழமை அதைக் காப்பாத்தினதையும் மறக்க மாட்டேன். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாக்க எனக்கு இப்ப தெம்பில்ல."

"கூட்ட வேண்டாம்மா. அது அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எனக்கும் வைக்க மனமில்லை. இத்தனை நாள் அந்த மிஷின் எத்தனை வாட் தின்றது, எத்தனை சூடு கக்கியது, எப்போது முடியும் என்று மணிக்கொருமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அது என்ன கணக்கு?"



"நெசமாவே தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியாது."

"எங்க உம்மா ஊரு கடலோரம். நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது வீட்டுக் கிணத்துத் தண்ணிய அப்படியே குடிப்போம். இப்ப வாயில வைக்க முடியாது. கடல் தண்ணி மண்ணுக்கடியில உள்ள வருது. எவ்வளவு வேகமா வருது, இன்னும் எத்தனை வருஷத்துல எந்தெந்தத் தெரு வரைக்கும் வரும்னு பாக்குற கணக்கு."

"எது வரைக்கும் வருது?"

சொன்னார். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும், எங்கே தடுப்பணை கட்டினால் எத்தனை வருடம் தள்ளிப்போகும், எந்த ஊர் பிழைக்கும், எந்த ஊர் பிழைக்காது. இருபது நிமிடம் இருக்கும். பாதி எனக்குப் புரியவில்லை. இடையில் இரண்டு இடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் வந்தது. சொல்ல வாய் எழுந்தது.

குறுக்கே பேசவில்லை.